வெட்டிய மரத்தில் வெளிச்சம்

மரம் இருந்த இடத்தில் வெளிச்சம் மட்டும் நின்றது.

முதலில் யேசுதாசனுக்கு அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. மின்மினிப் பூச்சி அந்தக் கடலோரத்துக்குப் புதிதல்ல. பெரெம்பாங் மரம் என்றால் அவற்றுக்கு உயிர். ஆற்று முகத்தில் நிற்கும் மரங்களில் ஆயிரக்கணக்கில் ஏறி உட்கார்ந்து, யாரோ ஒரே சுவிட்சைத் தட்டுவதுபோல எல்லாம் சேர்ந்து எரியும், எல்லாம் சேர்ந்து அணையும். பொழுது விழுந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. கடல் பக்கமிருந்து அழுகிய சேற்றின் நாற்றமும், இறால் குளங்களிலிருந்து தீவனத்தின் கருவாட்டு வாடையும் கலந்து வந்துகொண்டிருந்தன. அவன் மண்கரையில் நின்று பார்த்தான். அழகாகத்தான் இருந்தது. கையிலிருந்த தீவன வாளியைக் கீழே வைத்த பிறகுதான் உறைத்தது. அங்கே மரம் கிடையாது.

வெட்டியவனே அவன்தான். போனதுக்கு முந்தின நவம்பரில், கடைசியாகச் சாய்த்த மரம் அது. ஆள் உயரத்தில் இரண்டாகப் பிரிந்து, இடது கிளை கடலைப் பார்த்து வளைந்து, பிறகு நிமிர்ந்து மேலே போகும். அந்தக் கவட்டியில் அவனுடைய செயின்சா சிக்கிக்கொண்டு அரை நாள் வீணானது. அதனால் அந்த வடிவம் அவனுக்கு மறக்காது. இப்போது முழங்கால் உயரக் கட்டைக்கு மேலே, காற்றில், அதே கவட்டி எரிந்தது. அதே வளைவு. அணைந்தது. மறுபடி எரிந்தது. பூச்சிகள் பறக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு இலையில் உட்கார்ந்திருப்பதுபோல, இலை இல்லாத இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தன.

அவன் வாளியை எடுக்காமலே வீட்டுக்கு நடந்தான்.

யேசுதாசன் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டம் துண்டாடி விற்கப்பட்டபோது கிழட்டு ரப்பர் மரங்களை வெட்டும் வேலை கிடைத்தது. அப்படித்தான் செயின்சா பழகினான். ரப்பர் முடிந்ததும் குத்தகைக்காரன் அவனைக் கடலோரத்துக்குக் கூட்டி வந்தான். தெலுக் ஆன்சனிலிருந்து இரண்டு பஸ் மாறி, தென்னந்தோப்புகளைத் தாண்டி வந்தால் பழைய மண்கரை. அதற்கு அப்பால் கடல்வரைக்கும் அலையாத்திக் காடு. அந்தக் காட்டை அழித்து இறால் குளம் வெட்ட வேண்டும் என்றார் முதலாளியான தவுக்கே. ஒன்றரை வருஷம் வெட்டினான். கரையிலிருந்து ஆரம்பித்துக் கடல்வரைக்கும். காடு போன பிறகு கடலோரமாகப் புதுக் கரை ஒன்றைப் போட்டு, உள்ளே ஆறு குளம் தோண்டி, குளங்களுக்கு நடுவில் சிமென்ட் தரை போட்ட பலகை வீடு ஒன்றைக் கட்டி, அவனையே காவலுக்கு வைத்தார்கள். மனைவி கெர்ட்ரூட், எட்டு வயது மகள் டோரிஸ். கதவு பூட்டிக்கொள்ளும் வீடு என்று அவர்களுக்கு அமைந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் பத்துமலை பையோடு வந்து நின்றான். மதகைப் பார்த்துக்கொள்பவன் அவன். கிறிஸ்மஸுக்கு யேசுதாசன் லீவில் போனால் பத்துமலை இரண்டு வேலையையும் பார்ப்பான். பொங்கலுக்கு பத்துமலை போனால் இவன் பார்ப்பான். இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு.

"என்ன மச்சான், மூஞ்சி செத்த மீனாட்டம் இருக்கு?"

"நேத்து அந்தியில, வெட்டுன மரத்துல மின்மினி எரிஞ்சுச்சு."

"கட்டையில ஒக்காந்திருக்கும்லா."

"கட்டை முழங்காலுக்குத்தான் இருக்கு. வெளிச்சம் ரெண்டு மாடி ஒசரம் நின்னுச்சு."

பத்துமலை சிரிப்பான் என்று எதிர்பார்த்தான். அவன் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு குளத்தைப் பார்த்தான்.

"நான் சனிக்கிழமையே பாத்துட்டேன். அதான் பொங்கலுக்கு மூணு நாள் முன்னாடியே ஓடுறேன். பூச்சிக்குப் பயந்தவன்னு வெளிய சொல்லிப்புடாத, பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காங்க."

பிறகு பையிலிருந்து ஒரு காலண்டரை எடுத்துக் கொடுத்தான். பக்கத்து மீனவர் ஊரான பாகானில் வலை விற்கும் சீனன் கடை வருஷா வருஷம் மீனவர்களுக்குக் கொடுப்பது. ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் தண்ணீர் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் பொடி எழுத்தில் இருக்கும். செவ்வாய்க்கிழமையைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"நாளைக்குப் பெரிய தண்ணி. அந்தியில உச்சி. காலண்டர்ல இருக்கு பாரு, ஏழு பத்து. அதுவரைக்கும் மதகுல நட்ட கம்ப விட்டுக் கண்ண எடுக்காத. செவப்புக் கோட்டத் தொட்டுச்சுன்னா சட்டி பானை தேடாத. பொண்டாட்டி புள்ளையத் தூக்கிக்கிட்டு பழைய கரைக்கு ஓடிரு. உச்சி தாண்டிருச்சுன்னா பயமில்ல, எறங்கிரும்."

"கரை தாங்காதா?"

"எது, இந்தக் கரையா?" பத்துமலை காலால் உதைத்தான். ஈரமண் ஒரு கட்டியாகப் பெயர்ந்து தண்ணீருக்குள் விழுந்தது. "காடு இருந்தப்ப கடலு உள்ள பூந்து, வேருல வேருல முட்டி, களைச்சுப்போயித்தான் கரைக்கு வரும். இப்ப யாரு நிறுத்துறா? நேரா வருது. மண்ணும் கீழ எறங்குது மச்சான். உன் வீட்டு வாசப்படி ரெண்டு இருந்துச்சு, இப்ப ஒண்ணுதான் தெரியுது, பாத்தியா?"

அவன் போனான். மோட்டார் சைக்கிளின் சத்தம் தென்னந்தோப்புக்குள் தேய்ந்து மறைந்த பிறகு, யேசுதாசன் தன் வீட்டு வாசலைப் போய்ப் பார்த்தான். ஒரு படிதான் இருந்தது.

அன்று, திங்கட்கிழமை, தண்ணீர் கரைக்கு ஒரு சாண் கீழேயே நின்றது. மதகை அடைத்துவிட்டு, நேரம் ஆனதும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டான். கடல் பக்கம் பார்க்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தான். ஆனால் டோரிஸ் ஜன்னலில் நின்றிருந்தாள்.

"அப்பா, நீங்க எத்தனை மரம் வெட்டுனீங்க?"

"எண்ணல."

"நான் எண்ணுறேன். முப்பத்தி ரெண்டு தெரியுது."

அவன் பார்த்தான். கடலோரத்தில் எரிந்த அந்த ஒற்றை மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை. அதற்கும் இந்தப் பக்கம் இன்னொரு வரிசை, புதுக் கரைக்கு உள்ளே, குளத்துத் தண்ணீருக்கு மேலேயே. அலையாத்தி வகைப் பாக்காவ் மரங்கள். மின்மினி பாக்காவில் அடைவதில்லை என்று பாகானில் எல்லாருக்கும் தெரியும். இங்கே வேர்கள்கூட எரிந்தன. நண்டுக் கால்கள்போல வளைந்து வளைந்து இறங்கும் அந்த வேர்கள் ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் கோடு கிழித்தமாதிரி நின்றன. எரிந்தது. அணைந்தது. தவளைகள் கத்தவில்லை. சேற்றில் எப்போதும் கேட்கும் சொடக்குச் சத்தம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வரிசைகளை அவன் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டான். இது அந்த வருஷத் தீபாவளிக்கு முந்தின வாரம் வெட்டியது. இது அதற்கும் முன்னால், மழை பெய்த நாளில். கடைசியாக வெட்டியது முதலில் வந்திருக்கிறது. அதற்கு முன் வெட்டியது அதற்கு அடுத்து. அப்படியே பின்னோக்கி, அவன் வெட்டிக்கொண்டு போன வழியிலேயே, காடு திரும்பி வந்துகொண்டிருந்தது. முதன்முதலில் வெட்டிய மரங்கள் எங்கே நின்றன என்பதும் அவனுக்கு நினைவிருந்தது. அவற்றின் கட்டைகளைப் பிடுங்கக்கூடச் சோம்பல்பட்டு, அப்படியே மேலே மண்ணைக் கொட்டி இந்த வீட்டுக்குச் சிமென்ட் தரை போட்டிருந்தார்கள்.

ஜன்னலை அடைத்தான்.

"பூச்சிதானங்க," என்றாள் கெர்ட்ரூட். அவள் ஜன்னல் பக்கமே போகாமல், முதுகைக் காட்டிக்கொண்டு சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கழித்து, "குனோங் ராபாட்ல அக்கா வீட்டுக்கு நாளைக்கே போயிருவோமா?" என்றாள்.

"மதகை யாரு பாக்குறது? பத்துமலை வெள்ளிக்கிழமை வந்துருவான். அப்ப போலாம்."

"அப்ப புள்ளைய மட்டுமாவது கொண்டுபோய் விட்டுட்டு வாங்க."

"போயிட்டு வர ஒரு நாள் ஆகும். தவுக்கேக்குத் தெரிஞ்சா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாரு. அப்புறம் எங்க போறது?"

அவள் சோற்றுப் பானையை நிமிர்த்தி வைத்தாள். படுத்த பிறகு, கட்டிலுக்குக் கீழே, சிமென்ட்டுக்கும் கீழே, ஏதோ ஒன்று மெதுவாகத் தண்ணீர் உறிஞ்சும் சத்தம் கேட்டது. பெரிய மரம் மழைக்குப் பிறகு அப்படித்தான் உறிஞ்சும் என்று அவனுக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்தே கடல்காற்று நிற்காமல் அடித்தது. கோழிகள் கூட்டைவிட்டு இறங்கவில்லை. கெர்ட்ரூட் கேட்காமலே இரண்டு மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தாள். அவன் அதைப் பார்த்தான். மோட்டார் சைக்கிளையும் பழைய கரையைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினான். ஆறரைக்கு மதகுக்குப் போனான்.

தண்ணீர் கறுப்பாக, சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. அலை என்று ஒன்று இருந்திருந்தால் இவ்வளவு பயமாக இருந்திருக்காது. கடல் முழுவதும் ஒரே தட்டாக மேலே வந்துகொண்டிருந்தது, பாத்திரத்தில் யாரோ ஊற்றுவதுபோல. கம்பில் இருந்த சிவப்புக் கோட்டுக்கு நான்கு விரல் கீழே. மூன்று விரல். கரையின் வெளிப்பக்கத்தில் மண் கட்டி கட்டியாகக் கழன்று விழுந்தது. சொத். கொஞ்ச நேரம் அமைதி. சொத். காலுக்குக் கீழே கரை ஈரத் துணிபோல நெகிழ்ந்தது. அவன் கைக்கடிகாரத்தையும் கம்பையும் மாறி மாறிப் பார்த்தான். மற்ற எதையும் பார்க்கவில்லை. ஏழு. ஏழு ஐந்து. இரண்டு விரல். ஏழு பத்து. இரண்டு விரலிலேயே நின்றது.

இன்னும் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தான். தண்ணீர் அசையவில்லை என்று அவன் கண் சொன்னது. கண்ணும் அதைத்தான் சொல்ல விரும்பியது. உச்சி தாண்டிவிட்டது. மூச்சு விட்டான். வேர்த்திருந்த கழுத்தைச் சட்டையால் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"முடிஞ்சிருச்சு. எறங்குது. மூட்டைய உள்ள வை. சாப்பாடு போடு."

கெர்ட்ரூட் அவனைப் பார்த்தாள். மூட்டையை உள்ளே எடுத்து வைத்தாள். டோரிஸ் தட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். ரசம் சூடாக இருந்தது. இரண்டு நாளைக்குப் பிறகு அப்போதுதான் அவனுக்கு வாயில் ருசி தெரிந்தது.

"அம்மா, தரை நனைஞ்சிருக்கு," என்றாள் டோரிஸ்.

சிமென்ட்டில் ஒரு விரிசல். அதிலிருந்து தண்ணீர் வந்தது, பீறிடவில்லை, கசிந்தது. அவள் பாவாடை ஓரம் கறுத்திருந்தது. விரல் வைத்துப் பார்த்தான். நாக்கில் வைத்தான். உப்பு.

"எறங்குதுன்னீங்களே," என்றாள் கெர்ட்ரூட். "எறங்குற தண்ணி எப்படிங்க உள்ள வரும்?"

அவன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான். பிறகு கைக்கடிகாரத்தை. ஏழு முப்பத்திரண்டு. புது வருஷத்தன்று நாடு முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். ரேடியோவில் சொன்னார்கள். அவனும் எல்லாரையும்போல முள்ளைத் தள்ளி வைத்தான். வலைக் கடைச் சீனன் அந்தக் காலண்டரை அச்சடித்தது அதற்கு முன்னால், போன வருஷம். கடிகாரத்தைத்தான் தள்ளினார்கள். கடலைத் தள்ளவில்லை. பத்துமலை தினமும் அந்த அரை மணியை மனதிலேயே கூட்டிக்கொண்டிருந்திருப்பான். கூட்ட வேண்டும் என்று சொல்லத் தோன்றியிருக்காது. உச்சி ஏழு நாற்பதுக்கு. அவன் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கடல் கடைசி இரண்டு விரலை ஏறியிருக்கிறது.

வெளியே கரை உடைந்தது. பெரிய சத்தமில்லை. ஒரு மாடு பெருமூச்சு விட்டுப் படுப்பதுபோல ஒரு சத்தம். பிறகு தண்ணீர் ஓடும் சத்தம்.

ஜெனரேட்டர் இரண்டு முறை இருமி நின்றது. பல்பு அணைந்தது.

"புள்ளையத் தூக்குங்க."

டோரிஸைத் தூக்கிக் கழுத்தில் உட்காரவைத்தான். அவள் குதிகால்கள் அவன் நெஞ்சில் இடித்தன. கெர்ட்ரூட் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். வாசலில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது, அதைத் தொடவில்லை. பழைய கரை கால் மைல். குளங்களுக்கு நடுவே போகும் வரப்பு அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். நடந்தான். இடுப்பு. வரப்பு காலுக்குக் கீழே இருந்தது. இருந்தது. பிறகு இல்லை. வயிறுவரை இறங்கினான். கால் சேற்றில் புதைந்தது. பிடுங்கினான். மறுபடி புதைந்தது.

"இங்க பள்ளம். நீ அங்கயே நில்லு," என்றான். "என் சட்டையை விட்டுரு. அசையாத."

கெர்ட்ரூட் விட்டாள். "நிக்கிறேன். புள்ளையப் புடிச்சிக்கிங்க."

"புடிச்சிருக்கேன்."

நெஞ்சு. தண்ணீர் குளிர்ந்திருந்தது. கையை நீட்டித் துழாவினான். பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. காட்டை வெட்ட வந்த புதிதில் இந்த இடத்தில் கையை நீட்டிய பக்கமெல்லாம் வேர் தட்டும். நடக்கக்கூட முடியாமல் வேரை வெட்டி வெட்டித்தான் உள்ளே வந்தான். இப்போது மைல் கணக்கில் வெறும் தண்ணீர். இழுத்தது. நிதானமாக, விடாமல், பள்ளத்துப் பக்கம் இழுத்தது.

அப்போது எரிந்தது.

எல்லாம் சேர்ந்து. அவனைச் சுற்றி. முன்னால், பின்னால், வீடு இருந்த இடத்தில், கண்ணுக்கெட்டும் தூரம்வரைக்கும். அடிமரம், கிளை, வேர். காடு முழுவதும் நின்றது. ஒரு மரம் கை எட்டும் தூரத்தில், அவன் முகத்துக்கு நேராக. வெளிச்சத்தில் மரப்பட்டையின் வெடிப்புகூடத் தெரிந்தது. கையை நீட்டினான். கை அதற்குள் போய் மறுபக்கம் வெளியே வந்தது. ஒன்றுமில்லை. காற்று.

அணைந்தது.

இருட்டில் தண்ணீர் கழுத்துக்கு வந்தது. டோரிஸின் கணுக்கால்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். அவள் அழவில்லை. அவன் தலைமேல் அவள் வயிறு மூச்சு விடுவது தெரிந்தது.

"அப்பா, கிளை," என்றாள்.

"எதையும் தொடாத பாப்பா."

எரிந்தது. கழுத்தில் இருந்த பாரம் குறைந்தது. கொஞ்சமாக, ஒரு பக்கம் மட்டும், யாரோ பாதிச் சுமையை வாங்கிக்கொள்வதுபோல. பிறகு முழுவதும். கையில் கணுக்கால் இருந்தது. வழுக்கியது. விரல்களை மூடினான். விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன.

நிமிர்ந்து பார்த்தான். அவள் கிளையில் உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு மூன்று முழம் மேலே, கையெட்டாத உயரத்தில். இரண்டு கால்களும் தொங்கின. பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டி அவன் முகத்தில் விழுந்தது. உப்பு. ஒரு கையால் அடிமரத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கை அதற்குள் போகவில்லை.

அணைந்தது.

சொட்டுவது நின்றது. மேலே ஒன்றுமில்லை. மூச்சுச் சத்தமில்லை. கைகளைத் தூக்கித் துழாவினான். காற்று. காற்று.

"ஏங்க," பின்னாலிருந்து கெர்ட்ரூட். "எனக்கு ஒண்ணும் தெரியல. புள்ள இருக்காளா?"

எரிந்தது. இன்னும் ஒரு கிளை மேலே. அவன் பக்கம் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கா," என்றான்.

அணைந்தது. அவன் எண்ணினான். ஒன்று. இரண்டு. மூன்று. முன்பு இரண்டு எண்ணுவதற்குள் எரியும்.

எரிந்தது. இன்னும் மேலே. கால்கள் மட்டும் தெரிந்தன.

"பாப்பா, எறங்கு. அப்பாகிட்ட வா."

கால்கள் ஆடின. நின்றன. மேலே இழுத்துக்கொண்டாள்.

அணைந்தது. நான்கு. ஐந்து. ஆறு.

"ஏங்க. பேசுங்க. இருக்காளா?"

தண்ணீர் அவன் தாடையில் அப்படியே நின்றிருந்தது. ஏறவில்லை. இறங்கவும் இல்லை. இரண்டு கையையும் இருட்டுக்குள் உயர்த்தி வைத்துக்கொண்டு, ஏழு, எட்டு, ஒன்பது, வாயைத் திறந்து வைத்திருந்தான், அடுத்த வெளிச்சம் வந்ததும் சொல்வதற்கு.